பில்லில் இல்லாத ஒரு வரி

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர், 31ஆம் நாள் நினைவு மலர், இவைதான் எங்கள் சாப்பாடு. பல்கலைக்கழகத்தில் சித்திரமோ நாடகமோ ஊடகமோ படித்துவிட்டு வரும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது "அண்ணை, ஏதும் டிசைன் வேலை இருக்கா?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிய ஆய்வு இது. அவருடைய கணக்குக் கொப்பி, பில் கட்டு, வாடிக்கையாளர்களோடு நடந்த வட்ஸ்அப் உரையாடல்களில் அவர் காட்டிய பகுதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டார், போடவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் நான் நடுநிலையான ஆள் இல்லை. அவருக்கு நடந்த அநியாயங்களில் ஒன்றைச் செய்தவன் நானே.

படிப்பு

அவருக்கு ஊர் நீர்வேலிப் பக்கம். அப்பாவுக்கு வாழைத்தோட்டம், அண்ணன் பிரான்சில். உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்து, மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் நுண்கலைக் கழகத்துக்குச் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கப் போனார். 1960 இல் தொடங்கி, 1975 இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இடம் அது. இப்போது தனிப் பீடமாகிவிட்டது. ஆனால் ஊரில் மருதனார்மடம் என்றால் சங்கீதமும் பரதமும்தான். அவற்றுக்காவது ஒரு வழி தெரியும்: ரீச்சர் வேலை வரும், வராவிட்டால் வீட்டுத் திண்ணையில் வகுப்பு வைக்கலாம், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் பண்ணலாம். "சித்திரம் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்ட மாமிமாருக்கு இவரிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நாலு வருடம் வீண் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கோடு போடும் கை அங்கேதான் வந்தது. பழைய நாற்சார் வீடுகளையும் கோயில் மண்டபங்களையும் நேரில் போய் இருந்து வரையப் பழகியதும் அங்கேதான். யாழ் பல்கலைக்கழக நுண்கலைத்துறையைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லித் தொகுத்த வேலை ஒன்று 2011 இல் நூலாக வந்தது. இவர் அதைப் படிக்கும் காலத்திலேயே பார்த்திருக்கிறார். பிறகு இவருடைய பிழைப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பார்க்கும்போது, அந்த நூலைப் புரட்டிய நாளுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கற்றுக் கொடுக்காதவையும் இருந்தன. ஒரு படத்துக்கு என்ன விலை சொல்வது, அதை எந்த நேரத்தில் சொல்வது, காசு வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. 2019 கடைசியில் என்னிடம் அவர் கொண்டுவந்த முதல் பைல், அச்சுக்குச் சரிவராத, கணினித் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் இருந்தது. ஓரம் வெட்டுவதற்கு இடமும் விடவில்லை. எழுத்து அதைவிட மோசம். எங்கள் அச்சகங்களில் இன்றைக்கும் பாதி வேலை, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில்தான் நடக்கிறது. இவர் யூனிகோடில் அடித்து போட்டோஷொப்பில் ஒட்டியிருந்தார். அதில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவை மாற்றிவிட வேண்டும், மாற்றாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். "கொடிகாமம்" என்ற ஊர்ப்பெயர் நெளிந்துபோய் நின்றது. என்னிடம் இருந்த பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வாரமே அவனுக்கு யூனிகோட் சொல்லிக்கொடுத்தது இவர்தான், அது வேறு கதை.

மாதம் 15,000 ரூபாய்க்கு என்னிடம் வேலை செய்தார். குறைவான சம்பளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கடிதம் வந்தது

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. கோறணமேந்து என்றால் கவர்மென்ட், அரசாங்கம். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அதையே பார்ப்பார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. போர்க்காலம் முழுக்க மாதக் கடைசியில் தவறாமல் காசு வந்தது அரசாங்க உத்தியோகத்தர் வீடுகளுக்குத்தான். 2017 இல் வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். அதில் சித்திரம், நாடகம் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது நிரந்தர நியமனத்தை. கலைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. இவருக்கும் கடிதம் வந்தது. அம்மா அதைச் சுவாமி அறையில் வைத்து விபூதி பூசினார். நானும் போகச் சொன்னேன். 15,000 கொடுக்கிறவன் வேறு என்ன சொல்வது?

அவரைப் போட்ட அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே நேரத்தில் நிறையப் பட்டதாரிகள் வந்ததில் அங்கே கதிரை போதவில்லை. முதல் மூன்று மாதம் இவரும் இன்னொருவரும் ஒரு மேசையை முற்பகல், பிற்பகல் என்று பங்குபோட்டிருக்கிறார்கள். "சித்திரம் படிச்ச பிள்ளை" என்று தெரிந்ததும் விழாக்களுக்குப் பனர் எழுத, பொங்கலுக்குக் கோலம் போட, உயரதிகாரியின் மகளுக்குப் பாடசாலை ஒப்படை வரைய என்று கூப்பிட்டார்கள். எல்லாம் சும்மா. 2022 தொடக்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தர நியமனம் வந்தது. கைக்கு வந்தது நாற்பதாயிரத்தை ஒட்டிய தொகை. அந்த வருடம் நாட்டில் காசுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மாலை நேரத்தில் என்னிடம் வந்து நினைவு மலர்களுக்கு அட்டை வரைந்து கொடுப்பார். அட்டைக்கு 1,500 கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள்

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு நூல் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்பார்கள். உள்ளே போனவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்ச விபரம், தேவாரம், சிவபுராணம், கடைசியில் நன்றி நவிலல். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா ஒன்று கட்டாயம் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் இப்படியான மலர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இவர் இரவில் இருந்து அவற்றைப் புரட்டியிருக்கிறார். எந்தக் காலத்தில் எப்படி அட்டை போட்டார்கள், குத்துவிளக்குக் கோடு எப்போது வந்தது, தாமரையும் மெழுகுதிரியும் சேர்ந்து எப்போது புகுந்தன என்றெல்லாம் தனியாக ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய பட்டத்துக்கான ஆய்வை விட இது நல்ல ஆய்வு என்பது என் அபிப்பிராயம்.

வேலை எப்போதும் தலைதெறிக்க நடக்கும். சாவீட்டுக்கு வந்த உறவுகள் திரும்பிப் போன பிறகுதான் ஒருவர் யோசிப்பார், அப்போதே பத்து நாள் போயிருக்கும். எழுத்து லண்டனில் இருந்து வரும், படம் ரொறன்ரோவில் இருந்து வரும், திருத்தம் சூரிச்சில் இருந்து வரும். நடுவில் பின் அடிக்கிற நூல் என்பதால் பக்கம் நாலின் பெருக்கமாக வரவேண்டும். 26 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் இரண்டு பக்கத்துக்குத் திருவாசகம் போட்டு 28 ஆக்குவோம். மாணிக்கவாசகர் எங்கள் தொழிலைக் காப்பாற்றிய தடவைகளுக்குக் கணக்கில்லை.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது பெயர் வரிசை. யார் மூத்த மருமகன், முறித்துக்கொண்டு போன மருமகளின் பெயர் வருமா வராதா, பெறாமகன் பிள்ளைகளுக்குள் சேர்த்தியா, கனடாவில் இருக்கிற பேத்தியின் வெள்ளைக்காரக் கணவரை எப்படி எழுதுவது. ஒரு மலருக்கு 14 தடவை வம்ச மரம் மாறியதை நான் பார்த்தேன். இதைத் தாங்கிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் சண்டையைப் பக்கத்தில் தெரியாமல் ஒழுங்குபடுத்தி வைப்பதும் வடிவமைப்புத்தான். எந்த விரிவுரையிலும் இது இல்லை.

சரி, இந்த வேலைக்குக் காசு எப்படி வரும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் இருபது வருடமாக எழுதிய பில்லைக் கேளுங்கள்: "நினைவு மலர், 28 பக்கம், 300 பிரதி", அதற்கு நேரே ஒரு தொகை. தாளும் மையும் கூலியும் டிசைனும் எல்லாம் அதற்குள். டிசைனுக்குத் தனியாகக் காசு கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த அச்சகத்துக்குப் போய்விடுவார், அங்கே டிசைன் சும்மா. திதி வெண்பா எழுதித் தருகிற ஐயாவுக்கு உறையில் வைத்துக் காசு கொடுப்பார்கள், வெற்றிலையும் வைப்பார்கள். அட்டையை வரைந்தவருக்குக் காசு உண்டென்பதே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பில்லில் அப்படி ஒரு வரி இருந்ததில்லை. சந்தை இல்லை, ஆதரவு இல்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வரைகிறவருக்கு வேலை இல்லாமல் இல்லை. வேலைக்கு விலை எழுத ஒரு வரி இல்லை. அதை இல்லாமல் பண்ணியதில் என்னைப்போன்ற அச்சகக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வரியை எழுத வைத்தது நல்லெண்ணம் இல்லை, தாள்ப் பஞ்சம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கொழும்பில் பத்திரிகைகளே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. டொலர் மே மாதத்துக்குள் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியது. மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 300 பிரதிக்கு நான் சொன்ன விலையைக் கேட்டு ஒரு ரொறன்ரோ மகன் தொலைபேசியிலேயே மௌனமாகிவிட்டார். பிறகு கேட்டார்: "அண்ணை, 40 மட்டும் அடிச்சுப்போட்டு மிச்சத்தைப் பீடிஎவ்வாத் தர ஏலாதோ?" 40 பிரதிக்கு அச்சுக்கூலி எழுதினேன். பீடிஎவ்வுக்கு என்ன எழுதுவது? தாளுமில்லை, மையுமில்லை. அப்போதுதான் என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பில்லில் "வடிவமைப்பும் வரைதலும்" என்று ஒரு வரி எழுதினேன். 12,000 போட்டேன். அந்த மகன் ஒரு சொல் கேட்கவில்லை. அவருக்கு அது நாற்பது கனடா டொலரை ஒட்டிய காசு. அந்த 12,000 இல் பிள்ளைக்கு 9,000 கொடுத்தேன். அதை ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

விடுமுறை

2022 ஜூனில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது. செலவைக் குறைக்க, அரசாங்க ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் போகலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றது. எல்லோரும் வெளிநாடு போவதற்கென்றே அதைப் பார்த்தார்கள். உள்நாட்டில் இருந்துகொண்டும் எடுக்கலாம் என்பதை இவர் இரண்டு தடவை வாசித்து உறுதிப்படுத்தினார். விண்ணப்பித்தார், கிடைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துணிந்து வேலையை விட்டார் என்று யாராவது மேடையில் இவரைப் புகழ்ந்தால் நம்பவேண்டாம். அவர் விடவில்லை. கதிரை அங்கேயே இருக்கிறது. வீட்டு வாடகை இல்லை, சாப்பாடு அம்மா கையால். வரைவதற்கான டப்லெட்டும் யூபிஎஸ்ஸும் பிரான்ஸ் அண்ணனின் காசு, ஏறக்குறைய 2 இலட்சத்து 40 ஆயிரம். இந்த மூன்றும் இல்லாத ஒரு பிள்ளை இதே வழியில் போயிருந்தால் முதல் ஆறு மாதத்தில் திரும்பியிருக்கும். இவரோடு படித்த ஒருவர் அப்படித்தான் வவுனியாவில் துணிக்கடை ஒன்றில் நிற்கிறார். கை இவரை விட நல்ல கை என்று இவரே சொல்கிறார்.

விடுமுறையால் இன்னொரு வசதியும் உண்டு. கலியாணப் பேச்சுக்கு வருகிறவர்களிடம் அம்மா "பிள்ளை அபிவிருத்தி உத்தியோகத்தர், இப்ப லீவிலை நிக்கிறா" என்று சொல்லலாம். பொய்யும் இல்லை.

நான் செய்தது

2022 ஓகஸ்டில் ஒரு மலருக்கு இவர் அட்டை வரைந்தார். வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பிறகு இடிந்து, இப்போது அத்திவாரம் மட்டுமே இருக்கிற வீடு. பிள்ளைகளிடம் இருந்தது கலியாண அல்பத்தில் பின்னால் தெரிகிற அரைச்சுவரும் ஒரு படலையும்தான். ஜெர்மனியில் இருக்கும் மூத்த மகளோடு இரண்டு இரவு கதைத்து, கிணறு எந்தப் பக்கம், நந்தியாவட்டை எத்தனை மரம், தலைவாசலில் தூண் உருளையா சதுரமா என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். அந்த மகள் படத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிய குரல் பதிவில் பேச்சே இல்லை, அழுகை மட்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு மாதம் கழித்து வேறொரு மலர் அவசரமாக வந்தது. அட்டைக்கு ஒன்றும் இல்லை. கணினியில் கிடந்த அந்தப் படத்தை எடுத்து, நிறத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரு பழைய வீடுதானே, யாருக்குத் தெரியப் போகிறது?

அந்த அந்தியேட்டி இவருடைய தூரத்துச் சொந்தத்தில் நடந்தது. பந்தியில் இருந்தவருக்கு யாரோ ஒரு மலரைக் கொடுத்தார்கள். இரண்டு நந்தியாவட்டை, அதே படலை. யாரோ ஒருவருடைய வீடு, வேறு யாரோ ஒருவரின் சாவில்.

மறுநாள் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணை, அது அவையின்ரை வீடு" என்று மட்டும் சொன்னார். என்னுடைய படம் என்று கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு மாதம் வரவில்லை. சட்டப்படி பார்த்தாலும் நான் பிழை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வரைந்தவருக்கு உரிமை கொடுக்கிறது, வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும். எங்கள் ஊரில் இதற்காக யாரும் நீதிமன்றம் போனதாக நான் அறியவில்லை. காசைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். காசை வாங்கினார்.

அச்சாரம்

இவருடைய அப்பாவின் நண்பர் ஒருவர் இணுவிலில் தவில் வாசிப்பவர். தவிலும் நாதஸ்வரமும் அங்கே பரம்பரைச் சொத்து. தவில்மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த வட்டாரம். நாங்கள் இப்போது ஃப்ரீலான்ஸ் என்று புதிதாகச் சொல்லுகிற சீவியத்தை அந்த வீடுகள் எத்தனையோ தலைமுறையாக நடத்துகின்றன. மாதச் சம்பளம் இல்லை, பருவத்துக்குப் பருவம் வேலை, பெயரைக் கேட்டு வருகிற கூப்பிடு. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் இவருடைய கதையைக் கேட்டுவிட்டு, "அச்சாரம் வாங்கினியோ பிள்ளை?" என்றார். இல்லை என்றதும் சொன்னார்: "அச்சாரம் வாங்காட்டி அது வேலை இல்லை, கதை."

கோயில்காரர் திருவிழாவுக்கு மேளம் பேச வந்தால் வெற்றிலையோடு அச்சாரம் வைப்பார்கள். வைத்த பிறகுதான் அந்தத் திகதி கொடுபடும். வாங்கிய பிறகு அதைவிடப் பெரிய கோயில் கூப்பிட்டாலும் போக முடியாது. எத்தனை பேர் வாசிப்பார்கள், எந்தச் சாமத்துக்கு முடியும், வாகனக் கூலி யாருடையது என்பதெல்லாம் அந்த நேரத்திலேயே பேசி முடிந்துவிடும். எழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் மீறியவனுக்கு அடுத்த வருடம் மேளம் கிடைக்காது.

இவர் அதை எழுத்தில் போட்டார். தமிழில் ஒரே ஒரு தாள். பாதிக் காசு கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். பெயர் விபரத்தைக் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே தரவேண்டும், மற்றவர்கள் அவரிடம் சொல்லிக்கொள்ளலாம். திருத்தம் மூன்று தடவை, நாலாவதில் இருந்து தனிக்காசு. படம் அந்த மலருக்கு மட்டும். கடைசி வசனம் எனக்காகவே எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளின் பிரதி ஒன்று என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தாளைப் பார்த்ததும் போனவர்களும் உண்டு. முதல் நாலு மாதத்தில் ஆறு வேலை போனது என்று கொப்பியில் இருக்கிறது. "சாவீட்டிலை அச்சாரம் கேக்கிற பிள்ளை" என்று ஒரு மாமி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் இருந்த வாடிக்கையாளர்களில் சண்டை நின்றது. பெயரைத் தருவது ஒரே ஆள் என்ற விதி, அந்த 14 தடவையை மூன்றாகக் குறைத்தது.

கொப்பி

2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை வந்தது 486,000 ரூபாய். உத்தியோகத்தில் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும், ஆனால் இதில் செலவு இன்னும் கழிக்கப்படவில்லை. இரண்டாம் வருடம் 730,000. மூன்றாம் வருடம், 2025 ஜூனில் முடிந்தது, 1,160,000. அதில் இணையம், மென்பொருள், மின்சாரம், போக்குவரத்து என்று 210,000 கழியும்.

மூன்றாம் வருட வருமானத்தில் பாதி நினைவு மலர். மூன்றில் ஒரு பங்கு இல்லாத வீடுகளை வரைந்து கொடுப்பதில் வந்தது. அந்த ஜெர்மனி மகள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதைப் பார்த்தவர்கள் வழியாகத் தொடங்கிய வேலை அது. உள்ளூர்க்காரருக்கு ஒரு படம் 18,000, வெளிநாட்டுக்காரருக்கு 120 கனடா டொலர். மிச்சம் தொண்டு நிறுவன அறிக்கைகளுக்கான சித்திரங்களும், புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடநூல் ஒன்றும்.

கலியாணத்துக்கு ஆடியும் மார்கழியும் ஓய்வு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுக்காரர் வந்து ஊர் நிரம்பும், படப்பிடிப்புக்காரருக்குச் சாமத்திய வீடும் கலியாணமுமாக நித்திரையே இராது. மலர் வேலை அப்படியில்லை. சாவுக்கு ஆடி மார்கழி கிடையாது. சொல்லக் கூசுகிறது, ஆனால் இவருடைய கொப்பியில் மாத வருமானம் ஒரே சீராக வருவதற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டுக் காசை எடுப்பது முதல் வருடத்தில் பெரிய பாடு. அப்போது இலங்கையில் பேபால் வைத்துக் காசு அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. முதல் இரண்டு பேர் அதைத்தான் கேட்டார்கள், ஒருவர் காசே தராமல் மறைந்தார். பிறகு பேயோனியர், வைஸ் என்ற வேறு பணமாற்றுச் சேவைகள். தொண்டு நிறுவனங்கள் வியாபாரப் பதிவு கேட்டன, பிரதேச செயலகத்தில் பதிந்தார். பழைய அலுவலக நண்பர்கள் வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டு இருத்தியதாகச் சிரித்துக்கொண்டு சொன்னார். 2023 இல் இருந்து ஒரு மாதத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே கொடுப்பார்கள். இவருடைய வருமானம் வரிவிலக்கு எல்லைக்குள் நிற்பதால் அதைத் திருப்பிக் கேட்கலாம். கேட்கிற படிவத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்ததில் அழைப்பிதழ், மேடைப் பின்னணி வேலைகள் நன்றாகவே குறைந்துவிட்டன. வாடிக்கையாளரே தொலைபேசியில் செய்துகொண்டு வருகிறார், தமிழ் எழுத்தை மட்டும் சரியாக்கித் தரச் சொல்கிறார். வீட்டுப் படங்களை அது தொடவில்லை. அங்கே அவர்கள் காசு கொடுப்பது இரண்டு இரவு உட்கார்ந்து கிணறு எந்தப் பக்கம் என்று கேட்கிற ஒருவருக்கு.

கொப்பியில் எழுதாத செலவுகளும் உண்டு. கண். முதுகு. ஸ்கூட்டி வாங்க லீசிங் கேட்டுப் போனபோது சம்பளச் சீட்டுக் கேட்டார்கள். மூன்று வருட வங்கிக் கூற்றைக் காட்டியும் நடக்கவில்லை, அப்பாவைப் பிணை வைத்தார்கள். நோய் விடுப்பு இல்லை. 2024 தைப்பொங்கலை ஒட்டி டெங்கு வந்து மூன்று வாரம் படுத்ததில் அந்த மாத வருமானம் 11,000.

இவரோடு படித்தவர்களில் ஒருவர் கொழும்பில் விளம்பர நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். அங்கே தமிழ் விளம்பரம் என்பது பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யோசித்ததைக் கடைசி நாளில் தமிழாக்குவது. வேறு சிலர் 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவைப் பார்த்துக் குறும்படம் எடுக்கக் கிளம்பி, கலியாண வீடியோவில் அதற்கான காசைத் தேடுகிறார்கள். இரண்டு பேர் சித்திர ஆசிரியர். ஒருவர் ரொறன்ரோவில் களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்துகொண்டு, இரவில் இவரிடமே வேலை கேட்டு எழுதுகிறார். கொடுக்கிறார். பாதிக் காசை முன்னுக்கே அனுப்பிவிட்டுத்தான் கொடுக்கிறார்.

2027

விடுமுறை 2027 இல் முடிகிறது. 2022 இல் அந்தக் கதிரையை விட்டுவருவது எளிதாக இருந்ததற்குச் சம்பளம் கரைந்துபோனதும் ஒரு காரணம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 இல் இருந்து 40,000 ஆக்குவதாக அறிவித்தார்கள், படிப்படியாகக் கூடுகிறது. அந்த வருடம் ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கும் 15 சதவீதம் வரை வரி வந்திருக்கிறது. இவர் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை, தொட்டால் சந்தோஷமாகக் கட்டுவேன் என்கிறார். தராசு முன்னைப்போல ஒரு பக்கம் சரிந்து நிற்கவில்லை.

போன மாதம் கடைக்கு வந்தவரிடம் நேரே கேட்டேன், திரும்பிப் போவீர்களா என்று. அட்டை ஒன்றின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே, "தெரியேல்லை அண்ணை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போனாலும் அங்கை இப்ப கதிரை இருக்காம்" என்றார்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டது அதற்காகத்தான். 2027 இல் அந்த அலுவலகத்துக்கே அவர் திரும்பிப் போகக்கூடும். மேசையைப் பற்றியும் கோலத்தைப் பற்றியும் அங்கிருப்பவர்கள் இதில் வாசிக்கக்கூடும். நியமனக் கடிதத்தை அம்மா இன்னும் சுவாமி அறையில்தான் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார், கரையான் அரிக்காமல்.